கண்ணை மூடிக்கொண்டு போட்ட சண்டை

என் தங்கை புருஷனுக்கு ஜெபம் செய்யத் தெரியாது; குத்தத்தான் தெரியும். அதையும் கண்ணை மூடி, கையை விரித்து, குரலை உருக்கிச் செய்வார். சபையே ஆமென் போடும்.

நான் பாடினால் ஆலயத்தின் கண்ணாடி ஜன்னல்கள் அதிரும். எதிர்த் தெரு நாய்கள் எழுந்து நிற்கும். கூரையிலிருந்த புறாக்கள் ஒருமுறை வேறு சபைக்கே மாறிவிட்டன. அப்பேர்ப்பட்ட குரலைத்தான் பாடகர் குழுவை நடத்தும் மச்சான் குழுவிலிருந்து நீக்கினார். நேரில் ஒரு வார்த்தை இல்லை. ஞாயிறு ஆராதனையில், யார் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம் என்று போதகர் சொன்னதும் மச்சான் எழுந்தார்.

"ஆண்டவரே, பெருமையினால் உயர்ந்த குரல்களைத் தாழ்த்தியருளும். குறிப்பாக, ஓய்வுபெற்ற எங்கள் அருமைச் சகோதரர் ஒருவருடைய குரலை..."

எனக்கு உச்சந்தலையில் அடுப்பு பற்றிக்கொண்டது. சும்மா விடுவேனா? அடுத்த ஞாயிறு நான் எழுந்தேன். "ஆண்டவரே, ராகம் எது, இருமல் எது என்று தெரியாத செவிகளைத் திறந்தருளும்!" அதற்கு மறு ஞாயிறு அவர். பிறகு நான். எங்கள் ஜெபத்தைக் கேட்க ஜனங்கள் சீக்கிரமே வந்து முன்வரிசையில் இடம்பிடித்தார்கள்.

இதற்கிடையில் மச்சானின் மகள், என் மருமகள், தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்தாள். ஞானத்தகப்பன் நான்தான். அதற்கு முந்தின நாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் சமையலறைக்குள் புயல்போல வந்தாள்.

"மாமா, நாளைக்கு நீங்க வரவேண்டாம்."

"என்னம்மா பேச்சு இது? புள்ளையை ஏந்தப்போறதே நான்தானே!"

"தீமையை வெறுக்கிறேன்னு என் புள்ளைக்காக நீங்க சொல்லணும். அப்பாவை மனசுக்குள்ள கடிச்சுத் துப்பிக்கிட்டே எப்படிச் சொல்லுவீங்க?"

"எனக்கென்ன கோபம்? அவருக்காக ஜெபம்தானே பண்றேன்!"

"அந்த வாயால பொய் வேற! ஊருக்கே குடிதண்ணி வடிகட்டுற வேலை பாத்தீங்களே, வடிகட்டுற மணல்ல அழுக்கு அடைச்சுக்கிட்டா என்ன செய்வீங்க?"

"கீழேருந்து மேலே தண்ணியை அடிப்போம். அழுக்கெல்லாம் கிளம்பி மேலே வரும். கொஞ்ச நேரம் பாக்கச் சகிக்காது."

"அதுக்குப் பயந்துதான் ரெண்டு பேரும் மேலாப்புல பன்னீர் தெளிக்கிறீங்க."

கதவைச் சாத்திய வேகத்தில் தட்டுகள் உருண்டன. அவள்மேலும் கோபம் வந்தது. என்றாலும் போனேன். கூப்பிடாத வீட்டுக்குப் போகிறவன்போல உள்ளே நுழைந்து, ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றேன். எதிரே தண்ணீர்க் குடுவையோடு மச்சான். குழந்தையை மருமகள் இறுக்கிப் பிடித்திருந்தாள், தரவில்லை.

"தீமையை வெறுக்கிறீர்களா?" என்று போதகர் கேட்டார்.

வாயைத் திறந்தேன். ஜன்னலை அதிரவைத்த குரலில் 'வெ' மட்டும்தான் வந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்." கண்ணைத் திறந்தபடியே மச்சானைப் பார்த்தேன். "மச்சான், உங்கமேல எனக்குக் கொலைவெறி. நேர்ல சொல்லாம சபை நடுவுல அசிங்கப்படுத்தினீங்க. பாட்டு நடுவுல உங்க பல்செட்டு கழண்டு விழணும்னு ஜெபிச்சேன். நிஜமாவே ஜெபிச்சேன்."

மச்சான் குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டார். "உங்க தொண்டை கட்டணும்னு நானும் ஜெபிச்சேன். நீங்க பாடினா என் குரல் எனக்கே கேக்காது. பொறாமை, மச்சான். வேற ஒண்ணுமில்ல."

யாரும் ஆமென் சொல்லவில்லை.

"அடக்கிப் பாடுங்கன்னு என்கிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா!" என்று கத்தினேன்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா?" அவரும் கத்தினார்.

"மாட்டேன்!"

மருமகள் முன்னால் வந்து குழந்தையை என் கையில் வைத்தாள்.

"கோபம் இன்னும் போகலம்மா" என்றேன்.

"தெரியுது. பிடிங்க."

போதகர் மறுபடி கேட்டார். "வெறுக்கிறேன்!" என்றேன். வெறுக்கவேண்டிய தீமை என்று முதலில் என் பல்செட்டு ஜெபத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். ஜன்னல் அதிர்ந்தது, குழந்தை வீறிட்டது. மச்சான் தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். பாதி என் சட்டையில்.

"தெரியாம ஊத்திட்டீங்களா?" என்று பல்லைக் கடித்தேன்.

"வேணும்னுதான்" என்றார், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு.