பிரகதாம்பாள் கொடுத்த கணக்கு

ஆத்மநாதனும் அவர் மனைவி பிரகதாம்பாளும் கணக்கு வாத்தியார்கள். அவர் பையன்கள் பள்ளிக்கூடத்தில், அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில். ஆனால் புதுக்கோட்டையில் கணக்கு என்றால் ஆத்மநாதன்தான். பெண்டாட்டி போடுவது பால்கணக்காகத்தான் இருக்கும் என்பது ஊர் நினைப்பு.

முப்பத்தெட்டாம் வருஷம் அவள் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். எந்த எண்ணையும் எழுதி, அதையே திருப்பி அதன் வாலில் ஒட்டினால், முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் மாறாத மாலைமாற்று எண் கிடைக்கும். எத்தனை பெரிசானாலும் அது பதினொன்றில் மீதியில்லாமல் வகுபடும். செவ்வரளியும் நந்தியாவட்டையும் மாற்றி மாற்றித் தொடுத்த சரத்தை இரண்டாக மடித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. ஒவ்வொரு சிவப்புப் பூவும் ஒரு வெள்ளைப் பூவின் மேல் விழுந்தது. இலக்கங்களும் அப்படியே, ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினால் இரண்டு கூட்டலும் சமம். சமமானால் பதினொன்றில் வகுபடும் என்பது விதி.

“இத நவராத்திரிக் கூட்டத்துல நான் சொல்றேன். ஒன் பேரச் சொல்லித்தான் சொல்லுவேன்,” என்று சூடம் அணைக்காத குறையாக வாக்குக் கொடுத்தார் ஆத்மநாதன். அவள் அரக்குச் சேலை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் யாரோ 738152 என்றார்கள். கரும்பலகையில் அது 738152251837 ஆனது. வகுத்தார்கள், மீதி பூஜ்யம். மண்டபம் அதிர்ந்தது.

“இது என்னோடதில்லைங்க. எனக்குக் கொடுத்தது பிரகதாம்பாள்!”

அவள் கைகூப்பப் பாதி எழுந்துவிட்டாள். கூட்டமோ, “தாயே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. திருக்கோகர்ணத்து அம்மன் பெயரும் அதுதானே! ஆத்மநாதன் திருத்தவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டார். அது போதாதென்று, “கனவுல வந்தா,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

பாதி எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். இந்த மனிதர் உண்ணும்போதே செய்துவிட்டார்.

கழுத்தில் மாலை விழுந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “எந்த மாலைமாற்று எண்ணும் பதினொண்ணுல வகுபடும்!” என்றார்.

“12321 வகுபடுமாங்க?” என்று கேட்டார் வக்கீல் ரெங்கசாமி.

வகுத்தால் ஒன்று மீந்தது. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், ஒற்றைப்படையானால் நடுப்பூ ஜோடியில்லாமல் நின்றுவிடும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர் காதில் ஏறியது பாதிதான்.

“ஏன் மீந்துச்சுன்னு அம்மன் சொல்லலையா?” என்றார் வக்கீல். மண்டபம் சிரித்தது.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்ற ஆத்மநாதன், மேடையிலிருந்து இறங்கி அவளருகே வந்து குனிந்தார்.

“பிரகதா, எந்திரிச்சு நீ சொல்லு. ஒன் பேரத்தானே சொன்னேன்?”

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. வாய் தவறவில்லை, அம்மனுக்கும் அதே பெயர் என்பதை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவள் எழுந்தாள்.

“எனக்கென்னங்க தெரியும்?” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “கனவுல வந்தவளையே கேளுங்க.”

உட்கார்ந்துகொண்டாள். விடை நாக்கு நுனியில் இருந்தது. அழுகையோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.