பளிங்குக்குள் கோடிப் பம்பரங்கள்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆய்வகத்தில் வேலை. வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவருவதில்லை என்று ஒப்பந்தம். இங்கத்திய சண்டைதான் தினமும் வீட்டுக்குப் போயிற்று.

அண்ணி வளர்த்த பளிங்கு நகத்தளவுதான். உறைந்த ஹைட்ரஜன், உள்ளே சிறைப்பட்ட ருபிடியம் அணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பம்பரம். லேசர் எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பிவிடும். சற்றைக்கெல்லாம் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், வரிசை கலையும். அந்த நேரம் நாத்தனார் ஒரு ரேடியோ துடிப்பு கொடுப்பாள். முந்தியது பின்னால் போய், பிந்தியது முன்னால் வந்து, எல்லாம் மறுபடி ஒன்றுசேர வேண்டும். சேர்ந்தால் திரையில் ஒரு சின்ன மேடு எழும்.

மூன்று மாதமாக எழவில்லை. இன்று பகல் பன்னிரண்டுக்குள் வராவிட்டால், பளிங்கை உறையவைத்திருக்கும் குளிர்கலன் வேறு குழுவுக்கு என்று தலைமை விஞ்ஞானி கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணிக்கு அது மூன்று வருட உழைப்பாயிற்றே!

பதினொன்றேமுக்கால். திரையில் வெறும் கோடு. அது லேசாக ஆடுவதை நாத்தனார் கவனித்தாள். பளிங்குக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் காலும் அதே தாளத்தில் ஆடியது.

"அண்ணி, எழுந்திருங்க."

"ஏன்டி, இந்த நேரத்துலயா?"

"அந்த நாற்காலிக்குக் கீழ என்ன இருக்கு, பாருங்க."

கவிழ்த்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் என்று எல்லாரும் நம்பிய நாற்காலிக்குள் தடித்த எஃகுச் சுருள், காலாட்டினால் அதுவும் ஆடும். இரும்பின் காந்தம் அணுக்களைக் கலைத்துவிடும் என்று சாவி, கொண்டை ஊசி எல்லாம் வாசலிலேயே கழற்றும் அறை அது! அசையாத இரும்பின் தொல்லையைத் துடிப்பே சரிசெய்துவிடும். ஆடும் இரும்பிடம் அதன் பாச்சா பலிக்காது.

நாற்காலி வெளியே போயிற்று. அண்ணி மூச்சைப் பிடித்து நின்றாள். நாத்தனார் பொத்தானை அழுத்தினாள். லேசர் பாய்ந்ததும் கோடு எழும்பி, சரிந்து சமமாயிற்று. ரேடியோ துடிப்பு உள்ளே போயிற்று. பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மேடு எழுந்தது.

அண்ணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோடானுகோடி அணுக்கள். யாரும் கூப்பிடவில்லை, ஒன்றுக்கொன்று சொல்லிவைக்கவுமில்லை. அப்படியும் குறித்த நொடிக்கு எல்லாம் கூடிவிட்டன. இப்படியும் ஒன்று உலகத்தில் நடக்குமா என்று அவள் திரையில் அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தாள். தலைமை விஞ்ஞானி வந்தார், பார்த்தார், குளிர்கலன் இங்கேயே இருக்கட்டும் என்றார். அதுகூட அவள் காதில் சரியாக விழவில்லை.

"தினமும் சேரத்தான் பார்த்திருக்குதுங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான்தான்டி பக்கத்துலயே உக்காந்து கலைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."