மேனேஜர் கதவில் ஒரு சொல்

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: பம்பு மோட்டார் கம்பெனி வரலாற்றின் பொன்னான நாளொன்றில், மேனேஜர் அறைக்கதவில் பித்தளைப் பலகை ஏற்றப்பட்டது. அதில் மேனேஜரின் பதவி. அதன் கீழே, 'அல்ட்ராக்ரெபிடேரியன்'.

பட்டத்தை வழங்கியவர் ஸ்டோர் குமாஸ்தா. எல்லோரும் அவரை டிக்‌ஷனரி என்றே கூப்பிடுவார்கள். ஆண்டுவிழாப் பேச்சில் மேனேஜரைப் புகழ எடுப்பாக ஒரு சொல் வேண்டியிருந்தது. எந்தப் பத்திரிகையிலோ பார்த்த இது ரயில்பெட்டி நீளத்துக்கு நினைவில் நின்றது, எடுத்து வீசினார். அந்தக் கம்பெனியில் அர்த்தம் கேட்பவனுக்கு மக்கு என்று பெயராகிவிடும். ஆகவே எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் கண் கலங்கி, மறுநாளே பலகைக்குச் சொல்லிவிட்டார்.

பெருமை தாங்காமல் டிக்‌ஷனரி வீட்டில் மகளிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். அவள் போனில் தேடிப் படித்தாள்.

"தனக்குத் தெரியாத விஷயத்துல எல்லாம் மூக்கை நுழைச்சு அபிப்பிராயம் சொல்ற ஆளாம்ப்பா. யாரைச் சொன்னீங்க?"

"சும்மா கேட்டேம்மா."

சோறு இறங்கவில்லை. பொய்யாயிருந்தாலாவது காலில் விழலாம். சொல் மேனேஜருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியதுதான் சிக்கல். போதாக்குறைக்கு மறுநாள் முதலாளி வருகிறார். மெத்தப் படித்தவர் என்று பேச்சு. அவர் படித்துச் சிரித்தால் போதும், வேலை போய்விடும். இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

காலையில் யாரும் வருமுன் ஸ்க்ரூ டிரைவரோடு போனார். பலகையின் திருகாணி அசையவே இல்லை.

"அது வராது டிக்‌ஷனரி," பின்னாலிருந்து குரல். உயிர் ஒருமுறை வெளியே போய்த் திரும்பியது. ஃபிட்டர்தான். "'இப்படித்தான்யா முறுக்கணும்'னு எனக்குப் பாடம் எடுத்து மேனேஜரே முறுக்கினாரு. தலை மழுங்கிப்போச்சு. இனிமே கதவோட கழட்டினாத்தான் உண்டு. ஆமா, நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"துடைக்க வந்தேன்."

"ஸ்க்ரூ டிரைவராலயா?"

பதில் சொல்வதற்குள் வாசலில் கார் நின்றது. முதலாளி படியேறி வந்தார்; பின்னால் மேனேஜர், "படிக்கட்டை இன்னும் சரிவாக் கட்டியிருக்கணும் சார்" என்றபடி. முதலாளி பலகைமுன் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்தெழுத்தாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து. டிக்‌ஷனரி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"யார் எழுதிக் கொடுத்தது?"

"நம்ம டிக்‌ஷனரிதான் சார்," மேனேஜர் அவரை முன்னால் தள்ளிவிட்டார்.

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். டிக்‌ஷனரி மனசுக்குள் ராஜினாமாக் கடிதத்தைப் பாதிவரை எழுதிவிட்டார்.

"ரொம்பப் பொருத்தம்," என்றார் முதலாளி. "எனக்கும் இதையே போட்டு ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. இதைவிடப் பெரிசா."

முதலாளிக்கும் அர்த்தம் தெரியாது.