இரண்டடி பின்னே

நெய்வேலி நடராசர் திருக்கோயிலில் ஒரு முறைப்பெட்டி உண்டு. உள்ளத்தில் கிடப்பதை மனுவாக எழுதி அதில் இட்டு, அருகில் தொங்கும் ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வருவது ஊர் வழக்கம். பணி உயர்வு வேண்டுவார் உண்டு. குவார்ட்டர்ஸ் மாற்றம் வேண்டுவார் உண்டு. காண்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆக வேண்டுமென்று ஆண்டுதோறும் சளைக்காமல் வேண்டுவாரும் உண்டு. அந்த ஆண்டு மார்கழித் திருவாதிரையன்று அம்சவல்லி இட்ட மனுவில் ஒரே வரிதான் இருந்தது. ‘என் மகன் வேலை செய்வதை ஒருமுறை என் கண்ணால் நான் காண வேண்டும்.’

கண்ணால் என்ற சொல்லை அவள் அழுத்தி எழுதினாள். சர்க்கரை நோய் அவள் விழித்திரையைத் தொட்டிருந்தது. இருக்கும் பார்வையைக் காக்கலாம், போனதை மீட்க முடியாது என்று புதுச்சேரி மருத்துவர் சொல்லியிருந்தார். அருகில் இருப்பதைப் பெரிதாகக் காட்டினால் காண்பாள். எட்ட நிற்கும் மனிதர் அவளுக்கு நிறங்களாக மட்டுமே இருந்தனர்.

மகன் சிலம்பரசன் விமானப்படையில், வான் காட்சிகளில் பறக்கும் ஒரு ஹெலிகாப்டர் குழுவின் தொழில்நுட்பப் பணியாளன். பறப்பவன் அல்லன், பறக்க வேண்டியவற்றைப் பழுது பார்த்து, களத்தில் நிறுத்தி, விண்ணுக்கு வழிவிட்டுத் தான் மண்ணில் நிற்பவன். விடுப்பில் வரும்போதெல்லாம், “அங்க என்னப்பா பண்ற?” என்று அம்சவல்லி கேட்பாள். “வேலதாம்மா” என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வாராது. மாசி மாதம் பெங்களூரை அடுத்த எலகங்காவில் விமானக் கண்காட்சி. அதன்பின் அவனை வடகிழக்கு எல்லைக்கு மாற்றிவிடுவார்கள். குழுவோடு அவன் நிற்கப்போவது அதுவே கடைசி.

“வேலிக்கு இந்தப் பக்கம்தாம்மா நீங்க நிக்க முடியும். நான் நிக்கிற எடம் ரொம்ப தூரம். ஒனக்குத் தெரியாது” என்று தொலைபேசியில் அவன் தயங்கினான்.

“அப்பா கேமரா எடுத்துகினு வருவாரு” என்றாள் அவள்.

அப்பா தங்கராசு, நிலக்கரிச் சுரங்கத்தில் கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பதாண்டுகளாக வேலை பார்ப்பவர். படம் எடுப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. தேர்த்திருவிழாவும், சுரங்க நீர் பாயும் வடக்குத்து ஊர் வயல்களில் மேயும் கொக்குகளும் அவர் கேமராவில் நிறைய இருந்தன. ஆனால் அவரிடம் இருந்த லென்ஸ் தேர்வடம் பிடிப்பவரைக் காட்டுமே தவிர, விமானத் தளத்தின் மறுகோடியைக் காட்டாது. எனவே தை பிறந்ததும் கணவனும் மனைவியுமாக மந்தாரக்குப்பத்தில் ஜோஸ்வாவின் ஸ்டூடியோவுக்குச் சென்றனர்.

திருமணங்களுக்குப் படம் எடுக்கும் ஜோஸ்வா, ஓய்வு கிடைத்தால் பறவை எடுக்கக் கிளம்பிவிடுவான். மேசைமேல் மூன்று லென்ஸ்களை வரிசையாக வைத்தான். மூன்றும் தொலைவை அருகில் இழுக்கும் ஜூம் லென்ஸ்கள். எண் ஏற ஏறத் தொலைவு நெருங்கும். ஒன்று எழுபதிலிருந்து முந்நூறு மில்லிமீட்டர், மற்றொன்று நூறிலிருந்து நானூறு, மூன்றாவது நூற்றைம்பதிலிருந்து அறுநூறு. தங்கராசுவின் கை நேராக மூன்றாவதற்குச் சென்றது.

“அண்ணே, எது வரைக்கும் போவுதுன்னு மட்டும் பாக்காதீங்க. எங்க ஆரம்பிக்குதுன்னும் பாருங்க. நாலு ஹெலிகாப்டர் ஒட்டிகினு தலைக்கு மேல வந்தா, இதுல ஒன்னோட வாலும் இன்னொன்னோட மூக்கும்தான் கெடைக்கும்” என்றான் ஜோஸ்வா.

“நமக்கு நாலு எதுக்கு? நம்ம புள்ள ஒருத்தன் கெடச்சா போதும்.”

“சரி, தூக்கிப் பாருங்க.”

தங்கராசு அதைக் கேமராவில் பூட்டிக் கண்ணுக்கு நேரே உயர்த்தினார். சற்று நேரத்தில் முழங்கை தானாக இறங்கியது.

“என்னடா இது, கன்வேயர் ரோலர் மாதிரி கனக்குது.”

“ரோலராச்சும் பெல்ட்டுக்கு அடியில கெடக்கும். இத வெயில்ல தூக்கிப் புடிச்சிகினு நீங்கதான் நிக்கணும்.”

“லேசா இருக்குறது இது” என்று முதலாவதைக் காட்டினார் தங்கராசு. “இது போதாதா?”

“வானத்துக்குப் போதும். தம்பி தரையில இல்ல நிப்பாரு?”

இருவரும் எண்களைச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த அம்சவல்லி சொன்னாள்: “பாக்கப்போற கண்ணு என்னுது. மூனுலயும் எடுங்க. எது தெரியுதுன்னு நான் சொல்றேன்.”

ஜோஸ்வா சிரித்தான். “நல்லதுக்கா. மூனையும் எடுத்துகினு போங்க. இப்போதைக்குக் காண்ட்ராக்ட். அக்காவுக்குப் புடிச்சத பர்மனென்ட் பண்ணிடலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் வீடு இருந்த பிளாக்கின் விளையாட்டுத் திடலில் தேர்வு நடந்தது. ஜோஸ்வா திடலின் மறுகோடிக்குச் சென்று நிற்க, இக்கோடியிலிருந்து தங்கராசு மூன்று லென்ஸ்களாலும் மாற்றி மாற்றி எடுத்தார். பின்னர் மூவரும் வீட்டுக்கு வந்து படங்களைத் தொலைக்காட்சியில் இட்டனர். அம்சவல்லி திரையை மூக்கால் தொட்டுவிடுவாள் போல நெருங்கி அமர்ந்தாள்.

எழுபது முந்நூறின் படம் வந்தது. நெடுநேரம் பார்த்தாள்.

“யாரோ வேப்பங்கன்னு நட்டு வெச்சிருக்காங்க.”

“அக்கா, அது நான்” என்றான் ஜோஸ்வா.

அடுத்து அறுநூறு. “மூஞ்சி பெருசாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு ஜோஸ்வா தெரியுறான்.”

“கனத்துல கை ஆடிப்போச்சி” என்று தங்கராசு முணுமுணுத்தார்.

“ஒரு ஜோஸ்வாவுக்கே இந்த வூட்ல இன்னும் காபி வரல” என்றான் அவன்.

நானூறின் படம் வந்ததும் அவள் முகம் தெளிந்தது. “இது ஜோஸ்வாதான். காதுல குச்சி வுட்டு நோண்டிகினு நிக்கிறான்.”

“அவ்ளோ தூரம் தெரியாதுன்னு நெனச்சேன்க்கா.”

“தெரியுது. இது போதும்ங்க” என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள். அத்துடன் தேர்வு முடிந்தது. எடை கையாளத் தகுந்தது. நெருங்கி வரும் ஹெலிகாப்டர் கூட்டத்தையும் அடக்கும். எட்ட நிற்பவனையும் எட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்க வேண்டியவளுக்கு அது தெரிந்தது.

அந்நேரம் சமையலறையில் குக்கர் கூவியது. லென்ஸைக் கையில் ஏந்தி நின்ற தங்கராசு இரண்டடி பின்னே சென்று, இடப்புறமும் வலப்புறமும் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஜோஸ்வா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடத் தொடங்குமுன் ஊதல் ஒலிக்கும். ஒலித்த நொடியே இரண்டடி பின்வாங்கி, நெடுகிலும் பார்த்து, பெல்ட்டருகில் எவரும் இல்லையென உறுதி செய்ய வேண்டும். முப்பதாண்டு அதையே செய்தவர் உடலுக்குச் சுரங்கம் எது, சமையலறை எது என்ற வேறுபாடு மறைந்துபோயிற்று. சிறுவயதில் சிலம்பரசன் இதை நடித்துக் காட்டியே அவரைக் கேலி செய்வான். குக்கர் கூவினால் தந்தை ஒருபுறமும் மகன் மறுபுறமும் பின்வாங்கித் தலை திருப்ப, நடுவில் நின்று அம்சவல்லி, “என் அடுப்பங்கர என்ன மைன்ஸா?” என்று கேட்பாள்.

விடுமுறை நாள்களில் தங்கராசு பயிற்சி செய்தார். ஹெலிகாப்டரை மிக விரைவாகப் படம் பிடித்தால் சுழலும் இறக்கை உறைந்து, கயிற்றில் தொங்கவிட்ட பொம்மை போலாகிவிடும் என்று ஜோஸ்வா எச்சரித்திருந்தான். ஆகவே ஷட்டரின் வேகத்தைக் குறைத்து, இடுப்பை மெல்லத் திருப்பி, சாலையில் செல்லும் ஷிஃப்ட் பஸ்களைத் தொடர்ந்து எடுத்துப் பழகினார். பஸ் கூர்மையாகவும் சக்கரம் சுழல்வதாகவும் ஒரு படம் அமைந்த அன்று, தேர் நிலைக்கு வந்ததுபோல் நிறைவடைந்தார்.

மாசியில் எலகங்கா சென்றனர். கூட்டம் கடலெனத் திரண்டிருந்தது. விடியலிலேயே வந்து வேலியோரம் இடம்பிடித்தார் தங்கராசு; அவர் முதுகுக்குப் பின்னே அம்சவல்லி நின்றாள். எட்டத்தில், மயிற்கழுத்தின் நீலம் பூண்ட ஹெலிகாப்டர்கள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் பணியாளர் சிலர்.

லென்ஸை உயர்த்தி நோக்கிய தங்கராசுவின் நெஞ்சு தளர்ந்தது. வெயில் ஏறத் தொடங்கித் தளத்தின் மேல் கானல் நெளிந்தது. அதனினும் கொடியது வேறொன்று. எல்லாரும் ஒரே நீலச் சீருடை, ஒரே தொப்பி, கறுப்புக் கண்ணாடி, செவியை மூடிய பெரிய காதடைப்பான். முகம் என்று ஒன்று எவருக்கும் இல்லை.

“தெரியறானா?” என்றாள் அம்சவல்லி.

“எல்லாரும் ஒரே மாதிரி நிக்கிறாங்க, வல்லி.”

“லென்சு நல்லாத்தான இருக்கு?”

“லென்சு நல்லாத்தான் இருக்கு. இதுல எவன் நம்ம புள்ளன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் சட்டையின் பின்புறத்தைப் பிடித்திருந்த அம்சவல்லியின் விரல்கள் இறுகின.

அப்போது தளத்தில் நின்ற தீயணைப்பு வண்டியிலிருந்து, காதடைப்பானையும் துளைக்கும்படி ஊதல் ஒலித்தது. முதல் ஹெலிகாப்டரின் எஞ்சினை இயக்கப்போகிறார்கள். வேலியோரமெங்கும் நூற்றுக்கணக்கான லென்ஸ்கள் நிமிர்ந்தன. தங்கராசு மட்டும் கேமராவைத் தாழ்த்தி, இரண்டடி பின்னே சென்று, அம்சவல்லியின் காலை மிதித்து, இடமும் வலமும் பார்த்தார்.

“ஏங்க, இது மைன்ஸ் இல்ல” என்றாள் அவள், வலியோடு.

வலப்புறம் பார்த்துத் திரும்பிய அவர் கண்ணில், எட்டத்தில் ஓர் அசைவு பட்டிருந்தது. இரண்டாம் ஹெலிகாப்டரின் முன் நின்ற வரிசையில் ஒருவன் மட்டும் பின்னே சென்று, தலையைத் திருப்பியதுபோல் இருந்தது. மற்றவர் நின்ற இடத்திலேயே நின்றனர். கண்டது மெய்யோ, கானலோ?

“வல்லி, அடுத்த ஊதல் வரும். நான் பின்னால வந்துடக் கூடாது. என்னப் புடிச்சிக்க.”

அம்சவல்லி இரு உள்ளங்கைகளையும் அவர் முதுகில் பதித்து, கால்களை அகட்டி ஊன்றி நின்றாள். தங்கராசு லென்ஸை நானூறுக்கு நீட்டி, இரண்டாம் ஹெலிகாப்டரின் அருகே நின்றவர்மீது நிறுத்தினார். தலைக்கு மேல் முதல் ஹெலிகாப்டர் எழுந்தது, கூட்டம் ஆர்த்தது. அவர் நிமிரவில்லை.

ஊதல் ஒலித்தது. முப்பதாண்டுப் பழக்கம் அவர் உடலைப் பின்னுக்குத் தள்ளியது. அம்சவல்லியின் கைகள் மலைபோல் தாங்கின. ஷட்டர் இடைவிடாது ஒலித்தது.

எல்லாம் வானேறிய பின்னரே அவர் கேமராவைத் தாழ்த்தினார். வெயிலில் திரை தெரியவில்லை. அம்சவல்லி தன் முந்தானையை இருவர் தலைமீதும் கேமராமீதும் போர்த்தினாள். அந்தச் சிறு நிழலுக்குள், படத்தை அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்ட, திரையைக் கண்ணருகே வைத்துக்கொண்டாள்.

முதற்படத்தில் ஒரு வரிசை மனிதர். அடுத்ததில் ஒருவன் பின்னே. அதற்கடுத்ததில் அவன் தலை இடப்புறம். அதற்கும் அடுத்ததில் வலப்புறம். ஒரு கை சற்றே நீண்டு, பக்கத்தில் நின்ற இளையவன் ஒருவனை மேலும் பின்னுக்கு ஒதுக்கியது.

“இவன்தான்” என்றாள் அம்சவல்லி.

“மூஞ்சி தெரியுதா?”

“மூஞ்சி எதுக்கு? குக்கர் கத்துனா எங்க வூட்ல ரெண்டு பேரு இப்பிடித்தான்.” மீண்டும் அந்த நீண்ட கையைப் பார்த்தாள். “இதுதான் இவன் வேலயாங்க?”

“ஆமா. யாரும் கிட்ட நிக்கலியேன்னு பாத்துக்குறான்.”

முந்தானைக்குள் இருவரும் நெடுநேரம் இருந்தனர். வெளியே நான்கு ஹெலிகாப்டர்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் பறந்து, வானில் புகையால் கோலமிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றைக்கூடத் தங்கராசு படம் எடுக்கவில்லை.

மாலையில் சிலம்பரசன் அழைத்தான். “என்னம்மா, ஒன்னும் தெரிஞ்சிருக்காதே?”

“பாத்தேன்ப்பா. ஊதல் கேட்டதும் ரெண்டடி பின்ன போன. பக்கத்துல இருந்த புள்ளயயும் தள்ளி வுட்ட.”



“அது ட்ரெயினிங்ல வந்தது இல்லம்மா” என்றான் சிலம்பரசன். “அப்பாவோடது. இங்க எல்லாரும் சிரிப்பாங்க. வுட முடியல.”

அம்சவல்லி அலைபேசியைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தூசியே இல்லாத லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் லென்ஸ் பர்மனென்ட் ஆயிற்று. “ஏர் ஷோவுக்குப் போயி தரையப் புடிச்சிகினு வந்த ஆளு நீங்க ஒருத்தருதான்ணே” என்றான் ஜோஸ்வா. அப்படிச் சொன்னாலும் அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தந்தவன் அவனே. அதை அம்சவல்லி தன் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், சமையலறைச் சுவரில் மாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் நடராசர் கோயிலுக்குச் சென்றனர். கூத்தன் திருமுன் நெடுநேரம் கைகூப்பி நின்றுவிட்டு, அம்சவல்லி முறைப்பெட்டியருகே வந்தாள். பெட்டியில் எதையும் இடாமல் மணிக்கயிற்றைப் பற்றினாள்.

வாயிலில் பூ விற்கும் மாணிக்கம்மாள், கும்பிட வந்தவள், அதைக் கவனித்துவிட்டாள். “மனு போடாம மணி அடிக்கிற?”

“போன மனுவுக்குப் பதில் வந்துடுச்சிக்கா. கெடச்சிதுன்னு சொல்ல வேணாமா?”

“எல்லாரும் குடுன்னு சொல்லத்தான் அடிப்பாங்க” என்றாள் மாணிக்கம்மாள். “நீ அடி. நல்லா காதுல வுழுறாப்புல அடி.”

அம்சவல்லி கயிற்றை முழு வலிமையோடு இழுத்தாள். மணி பேரொலி எழுப்பியது. அருகில் கைகூப்பி நின்றிருந்த தங்கராசு இரண்டடி பின்னே சென்று, இடமும் வலமும் பார்த்தார்.

இம்முறை அம்சவல்லி அவரைத் தடுக்கவில்லை. அவரோடு சேர்ந்து தானும் இரண்டடி பின்னே வந்து நின்றாள்.