புகார் ஏதும் சொல்லவில்லை

டைப்ரைட்டரில் வெர்டெல் டாலிவரின் விரல்கள் மூன்றாவது பாராவில் வந்து நின்றுவிட்டன. சர்ச்சின் பின்னறையில் பிரதி எடுக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு ஸ்டென்சில் தாள். எழுத்து ஒன்று தப்பாக விழுந்தால் அதை அழிக்கும் சிவப்பு மருந்தைத் தடவி, காயும்வரை ஊதிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று மணிக்குக் கூட்டம். கடிதத்தைப் படித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி போர்டின் மேசையில் வைத்தாக வேண்டும். இப்போதே மணி ஒன்றே முக்கால். முதல் இரண்டு பாராக்களும் மடமடவென்று ஓடிவிட்டன. மூன்றாவதில் அவளே இருந்தாள்.

'ஏழு வயது மகனை மடியில் கிடத்திக்கொண்டு அந்தத் தாய் கதறினாள். நர்ஸின் காலைப் பிடித்து மன்றாடினாள்.' பாஸ்டர் ஹாஸ்கின்ஸின் சாய்ந்த கையெழுத்து.

பாஸ்டர் ஜன்னலோரம் நின்று, தட்டிலிருந்த பொரித்த கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "சட்டம், போர்டுல இருக்கற வக்கீலுக்கு. வேதம், அந்த மெதடிஸ்ட் பெருசுங்களுக்கு. கண்ணீரு, அவங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு. மூணுல ஒண்ணாவது உள்ள இறங்கும், சிஸ்டர் வெர்டெல்" என்றார். எழுதத் தெரிந்த மனிதர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் மகன் ராய்ஸ் இறந்துபோனது மார்ச்சில். குடல்வால் வெடித்துவிட்டது. வெள்ளைக்காரர்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் டாக்டர் கறுப்பர்கள் காத்திருக்கும் பின்வாசல் பெஞ்சுப் பக்கம் வருவார். அந்த பெஞ்சில் நான்கு மணி நேரம். சர்ச் எழுதிக் கேட்டதற்கு, போர்டு போன இரண்டு வாரத்துக்கு முன்தான் பதில் போட்டிருந்தது: 'நர்ஸின் குறிப்பேட்டின்படி, பையனின் தாய் அமைதியாக அமர்ந்திருந்தாள். புகார் ஏதும் சொல்லவில்லை.' அந்த வரியைக் கேட்டு சபையே கொதித்தது. எல்லோரையும்விட அதிகம் கொதித்தது அவள் புருஷன் க்ளீட்டஸ்தான். மரம் அறுக்கும் மில்லிலும் முடிவெட்டும் கடையிலும் ஒரே பேச்சு. "எம் பொண்டாட்டியா சும்மா ஒக்காந்திருப்பா? கூரை பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்ல."

பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவன் மில்லில் இருந்தான். அடக்கம் முடிந்த இரவு, "நீ கத்தியிருப்பே, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். அவள் அதை மறுக்கவில்லை. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இன்றுவரை வேலைக்குப் போய் வருகிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

"பாஸ்டர், நான் கதறல."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"காலப் பிடிக்கல. சும்மாதான் ஒக்காந்திருந்தேன். அந்தக் குறிப்பேட்டுல இருக்கறது நெசம்."

பாஸ்டர் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தார். விரல்களைக் கைக்குட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். "இத யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப சொல்லாத. அம்மா அழுதான்னாதான் படிக்கறவன் மனசு எளகும். இல்லேன்னா அவங்க சொன்னதே சரின்னு ஆயிடும்."

"சரிதானே பாஸ்டர். ஆனா ஏன் சும்மா ஒக்காந்திருந்தேன்னு அவங்க எழுதல. அத நாம எழுதுவோம்."

"க்ளீட்டஸ் முன்வரிசைல இருப்பாம்மா."

"தெரியும்."

வெர்டெல் பாஸ்டரின் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு இடத்தில் சிவப்பு மருந்து தடவி ஊத வேண்டியிருந்தது. அதற்குள் க்ளீட்டஸின் முகம் நான்கைந்து தடவை கண்முன் வந்து போனது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

மூன்று மணிக்குச் சர்ச் நிறைந்திருந்தது. சவ அடக்கக் கம்பெனி கொடுத்த அட்டை விசிறிகள் வரிசைக்கு வரிசை ஆடின. கையெழுத்து மேசையைப் பின்னால் வாசலோரம் போட்டிருந்தார்கள். பாஸ்டர் முதல் இரண்டு பாராக்களைக் கணீரென்று படித்தார். "ஆமென்" என்று குரல்கள் எழும்பின. பிறகு அவர் தாளை அவளிடம் நீட்டினார். "இது என் வாயால வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அவள் படித்தாள். சத்தம் சன்னமாகத்தான் வந்தது.

"நான் புகார் சொல்லவில்லை. நான்கு மணி நேரத்தில் ஆறு முறை 'சரிங்க, மேடம்' என்று சொன்னேன். சத்தம் போட்டால் அந்த ஆஸ்பத்திரி எங்களை வெளியே அனுப்பிவிடும் என்பது இந்த ஊரில் எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும். என் மகனுக்கும் தெரிந்திருந்தது. வலி வந்தபோதெல்லாம் அவன் என் கோட்டுக் கையைக் கடித்துக்கொண்டான். அவனும் புகார் ஏதும் சொல்லவில்லை. உங்கள் குறிப்பேட்டில் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. முன்வரிசையில் க்ளீட்டஸின் விசிறி நின்றுவிட்டது. அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அவன் எழுந்தான். பெஞ்சுக்கடியிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு நடுப்பாதையில் நடந்தான். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். அவனுடைய ஞாயிற்றுக்கிழமை ஷூ ஒவ்வொரு அடிக்கும் கிறீச்சிட்டது. வாசலுக்குப் போகவும் அதுதான் வழி, மேசைக்குப் போகவும் அதுதான் வழி.

மேசைக்குப் பக்கத்தில் நின்றான். பேனா வைத்திருந்த கிழவர் அதை எடுத்து நீட்டவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. திறந்திருந்த கதவு வழியாக வெயில் அவன் முதுகு வரைக்கும் வந்திருந்தது. அவள் தாளைப் பிடித்தபடி மேடையிலேயே நின்றாள். தொப்பி தலைக்கு ஏறவில்லை. மேசைமேலும் இறங்கவில்லை. அதை அவன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.