நாக்கு முளைத்த என்டர்

காலையில் லேப்டாப்பைத் திறந்தபோது என்டர் விசை நாக்காகியிருந்தது. மற்ற விசைகள் பிளாஸ்டிக்காகவே இருந்தன. நான் முதலில் கவனித்தது அதன் ஈரத்தைத்தான். ஈரமான பொருள் எதுவும் எனக்கு ஆகாது.

அன்றைக்குப் பார்த்து அப்படி ஆனதுதான் எரிச்சல். என் மனைவி சாருமதி கோபித்துக்கொண்டு தாம்பரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். காரணம் ஒரு டம்ளர் காபி. என் டம்ளரில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்று என்னிடம் திருப்பி நீட்டினாள். மிச்சத்தை நான் தொட்டியில் ஊற்றினேன். டம்ளரை வெந்நீரில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய்ப் பெட்டியை எடுத்தாள்.

லேப்டாப்பில் அவளுடைய செய்தி வந்திருந்தது. "நான் வரட்டுமா, வேணாமா? சாயங்காலத்துக்குள்ள எழுதி அனுப்புங்க. இல்லாட்டி இனி வரமாட்டேன். போன்ல பேசாதீங்க. நீங்க மூஞ்சியச் சுளிக்கிறது எனக்குக் கேக்குது."

அவள் வர வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் இல்லாத வீடு படு சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

'வா சாரு' என்று அடித்தேன். என்டர் தட்டினால் போய்விடும். தட்டுவதற்கு அங்கே விசை இல்லை. நாக்கு இருந்தது.

பென்சிலின் பின்பக்கத்தால் அழுத்தினேன். நாக்கு பென்சிலைச் சுற்றி வளைத்து, ருசி பார்த்து, துப்பியது. பென்சிலைக் குப்பையில் போட்டேன். டச்பேடை வைத்து அனுப்பலாம் என்றால் அது ஈறாகியிருந்தது. பல் முளைக்காத ஈறு. போனிலிருந்து அனுப்பவும் வழியில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து, போன் திரையிலிருந்த எழுத்துகளை எப்போதோ அழித்துவிட்டேன்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். நாக்கு உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. கவிழ்த்து உதறினேன். ஓமப்பொடி விழுந்தது. ஒரு சோற்றுப் பருக்கை, கொத்தமல்லித் தண்டு, நீளமான ஒரு முடி. எல்லாம் சாருமதியின் சொத்து. நான் லேப்டாப் முன்னால் எதையும் தின்பவனில்லை. குமட்டலை அடக்கிக்கொண்டு கூட்டி அள்ளினேன்.

கடைக்குப் போய்த் தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிவந்து செருகினேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் அதன் எல்லா விசைகளும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றே தேவலை என்று பிடுங்கிவிட்டேன்.

லேப்டாப்பை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

"சார், உங்க பை ஜொள்ளு விடுது," என்றார் ஆட்டோக்காரர்.

"தெரியும்."

"சீட்டுல படாம மடியில வெச்சுக்கங்க."

மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பேன்ட்டை இனிமேல் போட முடியாது.

சர்வீஸ் சென்டர் வடபழனியில் ஒரு மாடியில் இருந்தது. நடைவழி நான் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. சுவர்கள் இளஞ்சிவப்பாகவும் சூடாகவும் இருந்தன. நடைவழி அவ்வப்போது எச்சில் விழுங்கியது. நான் எதையும் தொடாமல், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நடந்தேன். போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் அட்டையில் பிரமிளா என்று போட்டிருந்தது. சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே கையால் டைப்பும் அடித்தாள்.

"பிஸ்கட் எடுத்தீங்களா சார்?"

"டோக்கன்தானே எடுக்கணும்?"

"பிஸ்கட்தான் டோக்கன்."

தட்டில் ஒரே ஒரு பிஸ்கட் இருந்தது. ஓரமெல்லாம் பல் தடம்.

"இது யாரோ கடிச்சது."

"எல்லாரும் கடிச்சதுதான் சார். நீங்களும் ஒரு கடி கடிங்க. அப்பத்தான் உங்க பேர் ஏறும்."

கர்ச்சீப்பை விரித்துப் பிஸ்கட்டை அதில் வைத்து மடித்தேன். அப்புறம் கடிக்கிறேன் என்றேன். பொய்தான். அவள் விரலை நக்கிவிட்டு, "உங்க இஷ்டம்," என்றாள்.

ரிப்பேர் செய்பவர் பெயர் சற்குணம். என் வயதுதான் இருக்கும். தொப்பையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய ஸ்க்ரூ. ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து யாருடைய லேப்டாப்பிலோ முடுக்கிக்கொண்டிருந்தார். அந்த லேப்டாப்பின் சொந்தக்காரரை நினைத்து எனக்கு உடம்பு கூசியது.

"என்டரா?"

"ஆமாம்."

"நாக்கா?"

"ஆமாம்."

"போன வாரம் ஒரு ஷிஃப்ட் கீ காதாயிட்டுது. காதுன்னா ஈசி. பேசிக்கினே இருந்தாப் போதும். நாக்கு கொஞ்சம் வம்பு." அவர் நாக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "வீட்ல என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

சொன்னேன். அணைத்தது, உதறியது, புதுக் கீபோர்டு.

"நக்கிப் பாத்தீங்களா?"

"என்னது?"

"நக்கி."

"சீ!"

"அது ஒண்ணுதான் பாக்கி சார். ஒரு தடவ நக்கி விட்டா சாதா கீயாயிடும். மெசேஜும் போயிடும். சின்ன வேலை."

"யார் நக்கணும்?"

"மெசேஜ் யாரோடது?"

"என்னோடது."

"அப்ப நீங்கதான்."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவைத்தார். திரையில் 'வா சாரு' அப்படியே இருந்தது. ஜன்னலில் சாயங்காலம் வந்துகொண்டிருந்தது. பிரமிளா ஷட்டர் கொக்கியைத் தேட ஆரம்பித்தாள்.

நான் குனிந்தேன். நாக்கு காபி வாசனை அடித்தது. சர்க்கரை கம்மியான காபி. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. சாருமதி சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டவள். டாக்டர் நீட்டச் சொன்னபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

இது அவளுடைய நாக்கு. எனக்கு அவள் வேண்டும். சத்தியமாக வேண்டும். அவள் சாப்பிடும் சத்தம்கூட வேண்டும், பக்கத்து அறையிலிருந்து கேட்டால் போதும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாயைத் திறந்தேன். என் நாக்கு பல்லுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டது. 

நிமிர்ந்துவிட்டேன்.

"முடியலையா சார்?"

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு நக்கலாமா?"

"செத்துப்போயிடும்."

பிரமிளா ஷட்டரைப் பாதி இறக்கினாள். "நேரமாச்சு. யாராச்சும் ஒருத்தர் நக்குங்க."

"நான் பண்ணட்டுமா?" என்று கேட்டார் சற்குணம். ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது.

"பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை விவரிக்க விருப்பமில்லை. லேப்டாப் ஒருமுறை டிங் என்றது. செய்தி போய்விட்டது.

சாருமதி உடனே வந்தாள். நடைவழி அவளுக்கு நாலே எட்டுதான் இருந்தது. ஷட்டருக்கு அடியில் குனிந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, சற்குணத்தின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வரச் சொன்னீங்களே," என்றாள். அவரிடம்.

"சாரு, நான்தான் சொன்னேன்."

அவள் என்னை, பஸ்ஸில் எதிர்சீட்டுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நான் கவுன்ட்டருக்குப் போனேன். "மெசேஜ் என்னோடதுன்னு சொல்லுங்க மேடம்."

"பிஸ்கட் கடிச்சீங்களா?"

கர்ச்சீப்பைப் பிரித்துக் காட்டினேன். பிஸ்கட் அப்படியே இருந்தது.

"அப்ப உங்க பேர்ல ஒண்ணுமே ஏறல சார்."

உள்ளேயிருந்து காபி வந்தது. ஒரே டம்ளர். சாருமதி வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"சர்க்கரை கம்மி," என்று சற்குணத்திடம் நீட்டினாள். நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து உறிஞ்சினார். "ஆமா, கம்மிதான்," என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

எனக்குக் குமட்டியது. பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

என் லேப்டாப்பைப் பிரமிளா கொண்டுவந்து வைத்தாள். என்டர் விசை பிளாஸ்டிக்காக இருந்தது, காய்ந்து, சதுரமாக. "செக் பண்ணிக்கங்க சார்."

பையிலிருந்து பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்து, சற்குணம் நக்கிய இடத்தை முதலில் துடைத்தேன். பிறகு 'வா சாரு' என்று அடித்து என்டரைத் தட்டினேன். நன்றாக அழுந்தியது.

பெஞ்சில் சாருமதியின் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"அதான் வந்துட்டேனே," என்றாள் சற்குணத்திடம்.

விசை சரியாகிவிட்டது என்று பிரமிளா என்னிடம் கையெழுத்துக் கேட்டாள். அவள் நீட்டிய பேனாவின் முனை கடித்துக் கடித்து நசுங்கியிருந்தது. கர்ச்சீப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.