பல்லுக்காரி தேர்ந்தெடுத்த மானிட்டர்

மானிட்டர் கடையின் மேஜைமேல் நாத்தனார் கைப்பையைத் திறந்து பதினாறு பற்களை எடுத்து வைத்தபோது, போட்டோக்காரிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல பற்கள்தான். ஒவ்வொன்றும் சின்ன உலோகக் குச்சியின் நுனியில், ஒரு நீளச் சட்டத்தில் வரிசையாகச் செருகியிருந்தது. கணவனின் தங்கையான இவளுக்கு வேலை டெண்டல் லேப்பில். டாக்டர் அளவெடுத்து அனுப்பினால், விழுந்த பல்லுக்குப் பதில் பீங்கானில் ஒரு புதுப் பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருத்தித் தருவாள். நிறம் பார்க்கத்தான் இந்தச் சட்டம். வீட்டில் அவளுக்குப் பல்லுக்காரி என்று பேர் வைத்ததே போட்டோக்காரிதான். கல்யாணமாகி வந்த முதல் வாரம், சாப்பாட்டு மேஜையில் இந்தச் சட்டத்தைப் பார்த்து அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அதை இன்றைக்கும் இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

விற்பனையாளர் ஓரடி பின்வாங்கினார். "மேடம், இது... யாரோடதுங்க?"

"இன்னும் யாரோடதும் இல்ல சார்," என்றாள் பல்லுக்காரி. "நீங்க லேப்டாப்ப மாட்டுங்க."

சிரிக்கிற நிலைமையில் போட்டோக்காரி இல்லை. பத்து நாளுக்கு முன் ஒரு நர்ஸின் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். ஐந்து வருஷத் தொழிலில் இவ்வளவு பாடுபட்டு அவள் ஓர் ஆல்பம் செய்ததில்லை. மணப்பெண் நல்ல கறுப்பு. லேப்டாப்பின் சின்னத் திரையில் அந்த முகம் சாம்பல் பூத்தாற்போல் தெரிய, ஒவ்வொரு படமாக உட்கார்ந்து வெளிச்சத்தைத் தூக்கிவிட்டிருந்தாள். அந்தப் பெண் ஆஸ்பத்திரி உடையிலேயே வராந்தாவில் நின்று ஒரு பக்கம் விடாமல் புரட்டினாள். சண்டை போடவில்லை. "எல்லாரும் அழகா இருக்காங்க. நான்தான் இதுல எங்கயும் இல்ல," என்று சொல்லி, ஆல்பத்தை மூடித் திருப்பித் தந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து போட்டோக்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆல்பம் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. பாழாய்ப்போன திரைதான் காலை வாரிவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள். திரை இல்லை, தன் கண்ணே கெட்டது என்றால் என்ன செய்வது என்ற பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் அவளிடம் முதல் என்று இருந்ததே அந்தக் கண் ஒன்றுதான்.

கடைச் சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே அருவி, கண் கூசுகிற ஒரே பச்சை. விற்பனையாளர் வளைந்த பெரிய திரை ஒன்றின்முன் அவர்களை நிறுத்தி, அது எவ்வளவு வேகம், விளையாட்டுக்கு எவ்வளவு தோது என்று மூச்சுவிடாமல் சொன்னார். போட்டோக்காரி அதில் கிட்டத்தட்ட விழுந்தே விட்டாள். விலை கைக்கு எட்டாத உயரம். தவணையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது.

பல்லுக்காரி மசியவில்லை. அன்று காலையில் வீட்டு ஜன்னலோரம் சட்டத்தை வைத்து, போட்டோக்காரியை விட்டே அதைப் படம் எடுக்க வைத்திருந்தாள். அந்தப் படத்தை லேப்டாப்பில் திறந்து, ஒவ்வொரு திரையிலும் மாட்டிக் காட்டச் சொன்னாள். கடையில் ஏற்றி வைத்திருந்த திரை வெளிச்சத்தைப் பாதியாக இறக்கச் சொன்னாள். நிறத்தைக் கூட்டிக் காட்டுகிற அமைப்பை அணைக்கச் சொன்னாள். விற்பனையாளருக்குப் பட்டனைத் தேடித் தேடி வியர்த்துவிட்டது. வளைந்த திரையில் பதினாறு பல்லும் விளம்பரத்துப் பற்களாகப் பளபளத்தன. பல்லுக்காரி ஐந்து எண்ணும் நேரம் பார்த்தாள், சட்டென்று திரும்பித் தன் சாம்பல் நிறக் கைப்பையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நேரம் உத்துப் பார்த்தா கண்ணு சமாதானம் ஆயிடும் அண்ணி. எதக் காட்டினாலும் சரின்னு சொல்ல ஆரம்பிச்சிடும்," என்றாள். பிறகு சட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு பற்களைத் தொட்டுக் காட்டினாள். "இதுவும் இதுவும் வேற வேற. அங்க ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. வேண்டாம்."

அடுத்ததில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிறம், எழுந்து நின்றால் வேறு நிறம். இன்னொன்றில் பற்களெல்லாம் ரோஜா நிறத்துக்கு நழுவின. பல்லுக்காரி குனிந்தாள், சாய்ந்தாள், இரண்டடி பின்னால் போய் நின்றாள். போட்டோக்காரி வந்த வேலையை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் ஒரே குளியலறைக்கு இத்தனை வருஷமாகச் சண்டை போடுகிறவள் இவள். அலமாரியைத் திறந்தால் மூடத் தெரியாது. அவசரத்தில் இரண்டு காலிலும் வெவ்வேறு ஜோடிச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள். அவளா இது என்று இருந்தது. கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டதுண்டு, கண்ணால் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்தான்.

விற்பனையாளரும் இதற்குள் விற்பதை விட்டுவிட்டுப் பல் எண்ண ஆரம்பித்திருந்தார். "மேடம், இதுல பதிமூணு தெளிவாத் தெரியுது," என்றார், பரீட்சையில் தேறினவர் மாதிரி.

பல்லுக்காரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க முன்பல்லு கட்டினதுதானே சார்? ரெண்டு ஷேடு வெள்ளை அதிகம்."

அவர் பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்தே பதில் வந்தது. "வெள்ளையா வேணும்னு நான்தான் கேட்டேன்."

"எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. நான் பக்கத்துப் பல்லு எப்படியோ அப்படித்தான் செய்வேன். ஒரு வாரம் என்னத் திட்டுவாங்க. அப்புறம் கட்டினது எந்தப் பல்லுன்னு அவங்களுக்கே மறந்துடும்."

போட்டோக்காரிக்கு எங்கோ சுருக்கென்றது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கடைசியில் அகப்பட்டது கீழ்த்தட்டில் ஓரமாகக் கிடந்த ஒன்று. போன வருஷத்து மாடல். தட்டைத் திரை, கறுப்பு விளிம்பு, குட்டையான கால். அதில் கிளியை ஓட விடக்கூட யாரும் மெனக்கெடவில்லை. ஆனால் பதினாறு பல்லும் பதினாறாகத் தெரிந்தன. நின்றாலும் உட்கார்ந்தாலும் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாலும் அப்படியே இருந்தன. வளைந்த திரையின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான்.

"இதுவா? அழுது வடியுதேடி," என்றாள் போட்டோக்காரி.

"அழகா இருக்க வேண்டியது இது இல்ல அண்ணி."

போட்டோக்காரி பணத்தை எண்ணிக் கொடுத்தாள். பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். அடியில் இரண்டு தடித்த அகராதிகளைக் கொடுத்து மேஜையில் நிறுத்தினார்கள். மதிய வெயில் படாமல் பல்லுக்காரி ஜன்னல் துணியை இழுத்துவிட்டாள். திரை சூடாகட்டும் என்று அரை மணி நேரம் காக்க வைத்தாள். கடையில் வைத்து நர்ஸின் படத்தைத் திறக்கப் போட்டோக்காரிக்கு மனம் வரவில்லை. இப்போது திறந்தாள். முதலில், தான் திருத்தி ஆல்பத்தில் போட்டதை. மாவு பூசினாற்போல் ஒரு முகம். கழுத்து ஒரு நிறம், காது ஒரு நிறம். பிறகு, கேமராவிலிருந்து வந்தபடியே கை படாமல் இருந்த படத்தை, புதுத் திரையில் ஒன்றும் லேப்டாப்பில் ஒன்றுமாக வைத்துப் பார்த்தாள். லேப்டாப் கொஞ்சம் நீலம் கலந்துதான் காட்டியது, கொஞ்சம் வெளிறித்தான் காட்டியது. ஆனால் முகம் அதிலும் இருந்தது. அந்தச் சாம்பலைப் போக்க இரண்டு படி வெளிச்சம் தூக்கியிருந்தால் போதும். அவள் தூக்கியிருந்தது பத்துப் படி. மீதி எட்டையும் எந்தத் திரையும் அவளிடம் கேட்கவில்லை. மணப்பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கை தானாகப் போய்ப் போட்ட படிகள் அவை.

"ஸ்கிரீன் இல்லடி," என்றாள். இரண்டு போதும் என்ற இடத்தில் பத்து ஏறியிருந்ததை விரல் வைத்துக் காட்டினாள். "நான்தான்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிப் பல்லுக்காரி தேற்றவில்லை. அதற்காகவே போட்டோக்காரிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ரெண்டு படி ஸ்கிரீன்," என்றாள் பல்லுக்காரி. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மிச்சத்த இறக்குங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு."

போட்டோக்காரி ஒவ்வொரு படியாக இறக்கினாள். நெற்றியிலிருந்து மாவு விலகியது. கன்ன எலும்பின் ஓரமாக ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாக வந்து நின்றது. மேலுதட்டில் பொடி வியர்வை தெரிந்தது. கடுகு மஞ்சளில் அந்தப் பெண் உடுத்தியிருந்த பட்டு முதல் நாளிலிருந்தே போட்டோக்காரியை உறுத்திக்கொண்டிருந்தது. இப்படி அடிக்கிற மஞ்சளை யார் இவள் தலையில் கட்டியது என்று நினைத்து, அதையும் மங்கச் செய்திருந்தாள். இப்போது அதையும் பழையபடி விட்டாள். யாரும் தலையில் கட்டியதில்லை. கண்ணாடி முன்னால் நின்று, தன் நிறத்தைத் தெரிந்து, வேண்டுமென்றே எடுத்த மஞ்சள் அது. மஞ்சளின் சாயல் தாடைக்கு அடியில் அந்தக் கறுப்பின்மேல் லேசாகப் படிந்திருக்க, மணப்பெண் முகவாயைச் சற்றே தூக்கி, எதிரில் இருப்பவர்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.